நல்லா இருக்கீங்களா என்று கலெக்டர் கேட்டார்

எங்கள் சங்கத்தில் சேருவதற்குப் படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ஜெயிலுக்குப் போன தாத்தா ஒருவர் இருந்தால் போதும். திருடிவிட்டோ அடிதடியிலோ உள்ளே போனவர் கணக்கில் வரமாட்டார். வெள்ளைக்காரன் பிடித்துப் போட்டிருக்க வேண்டும். அப்படி உள்ளே போனவரின் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று பெண்களுக்கு மட்டுமே இடம். என் தம்பி ஒருமுறை, எனக்கும் அதே கொள்ளுத்தாத்தாதானே, எனக்கு ஏன் இல்லை என்று கேட்டான். நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும், வருகிறாயா என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை திருநின்றவூரில் தலைவியின் வீட்டு மாடியில் கூட்டம் நடக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, யாருடைய வம்சம், எந்த ஜெயில் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தன் பேரைச் சொல்வதைவிட ஜெயிலைச் சொல்வதில்தான் எல்லோருக்கும் பெருமை. நாளடைவில் பேர் போய் ஜெயிலே நின்றுவிட்டது. தலைவிக்குப் பெல்லாரி அம்மா என்று பேர். அவருடைய அப்பாவைப் பெல்லாரியில் வைத்திருந்தார்கள். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பத்து அக்கா, வேலூர் அக்கா. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண், திருச்சி லாத்தா; அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். அவருடைய தாத்தா சொந்தக் கடையில் இருந்த சீமைத் துணியையே தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டு உள்ளே போனவர். நான் தஞ்சாவூர். தஞ்சாவூரை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. என் அம்மாவின் தாத்தா அங்கே கம்பி எண்ணினார், அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டி வலி வந்து மாடி ஏற முடியாமல் போனதும் தஞ்சாவூர் என் தலைக்கு வந்தது.

ஒருநாள் மின்சார ரயிலில் லாத்தா பின்னால் திரும்பி, "வேலூர் ஜெயில்லருந்து இன்னிக்கு யாரும் வரலியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். எதிர் சீட்டில் இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்கு மாறிப் போனார். எங்களுக்கு அந்த சீட்டும் கிடைத்தது.

கொடுப்பதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ரத்ததானம், கண் பரிசோதனை முகாம், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, ஏரி உடைத்துக்கொண்டால் சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. பெல்லாரி அம்மாவின் அப்பா, சுதந்திரம் வந்த பிறகு சர்க்கார் கொடுக்க வந்த நிலத்தையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். நாம் கேட்கிறவர்கள் இல்லை, கொடுக்கிறவர்கள் என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் சங்கத்தின் சட்டம். இதைச் சொல்லும்போதெல்லாம் பெல்லாரி அம்மாவின் முதுகு நிமிரும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஏற்கனவே நிமிர்ந்த முதுகுதான். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. கடுப்பும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில். செய்து வருவதை அளந்து பார்த்து நல்லது, கெட்டது சொல்கிற பிரிவு. என் மேஜைக்கு எதிரே ஒரு பெண் மிஷினில் ஹெல்ப்பராக இருந்தாள். இருபது வயசைத் தாண்டியவள், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம், அப்பாவை நைனா என்பாள். கை அவ்வளவு சுத்தம். அவள் எடுத்துக் கொடுக்கிற சாமானில் நான் கெட்டது என்று ஒதுக்கியது அபூர்வம். இன்னும் கொஞ்ச நாளில் ஒரு மிஷினைத் தனியாக அவளிடமே கொடுத்து ஆப்பரேட்டர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிரிவில் அதுவரை பெண் ஆப்பரேட்டர் கிடையாது. அவள் அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த மிஷின் பக்கத்தில்தான் போய் நிற்பாள்.

அவளுக்கு அடிக்கடி ஜுரம் வரும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மூன்றாவது தடவை அப்படி ஆனபோது நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூத்திரத்தை அடக்கி அடக்கி வந்த வினை இது, தண்ணீரே குடிக்கிறதில்லையா என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்தான் குடிக்கிறாள்? கம்பெனி வேன் எங்களை நெடுஞ்சாலை கூட்டு ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். அவள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. கம்பெனியை விட்டால் வீடு போய்ச் சேருகிறவரை ஒதுங்க இடம் கிடையாது. ஷிப்ட் முடிந்த பெண்கள் கூட்டமாக அங்கே நிற்பார்கள். ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள், அவர்களுக்கு என்ன. முன்பு வேலிகாத்தான் புதர் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது அதையும் வழித்து எடுத்துவிட்டார்கள். அதனால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் பாட்டிலை யாரும் தொடுவதில்லை. வெயில் காலத்திலும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "நைனா தை வரைக்கும் பாப்பேன்னு சொல்லிட்டாருக்கா. அப்பவும் ஒடம்பு இப்படியே இருந்தா வேலைய உட்டுடணுமாம்."

ஒரு பெண் மிஷின் ஓட்டுவாளா மாட்டாளா என்பதை ஒரு கக்கூஸ் முடிவு செய்வதா? அந்த வாரமே லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒரு ஆபீசில் அது எங்கள் இடம் இல்லை என்றார்கள். இன்னொரு ஆபீசில் இடம் எங்களுடையதுதான், ஆனால் கட்டுகிற வேலை எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது ஆபீசில் இருந்தவர் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு எங்கே போவது என்று அவரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

ஆடி மாதக் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். சுதந்திர தினத்துக்கு யார் எந்தப் புடவை கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குத் திருவள்ளூரில் நடக்கிற விழாவுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். கொடியேற்றி, அணிவகுப்பு முடிந்ததும், தியாகிகளின் வாரிசுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கலெக்டரே இறங்கி வந்து ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்துவார். நல்லா இருக்கீங்களா என்று கேட்பார். நல்லா இருக்கோம் சார் என்று நாங்கள் சொல்வோம். போட்டோ எடுப்பார்கள். அடுத்தவரிடம் போய்விடுவார். பொன்னாடை பீரோவுக்குப் போய்விடும். என் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிற பொன்னாடைகளுக்குத் தனியாக ஒரு பீரோ வாங்க வேண்டும், ஒன்றாலும் தலைகூடத் துவட்ட முடியாது.

அன்றைக்குக் கலெக்டரிடம் கூட்டு ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்றேன். பெல்லாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ பூசை இருக்கிறது என்று அர்த்தம். கொடியேற்றுகிற புனிதமான நாளில் இந்த அசிங்கத்தைப் பேசுவதா என்று ஆரம்பித்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் ஜெயிலுக்குப் போனது இதைக் கேட்பதற்கா என்றார். நாம் கேட்கிறவர்கள் இல்லை என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது.

"ஜெயில்லகூட ஒரு சட்டி வெச்சிருப்பாங்கம்மா," என்றேன். "இந்தப் பொண்ணுங்களுக்கு அதுகூட இல்ல."

வேலூர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பெல்லாரி அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நாலாம் வகுப்பு ஞாபகம் வந்தது. கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வழக்கமாகக் கொடுக்கிற சுண்டல்கூட அன்றைக்கு வரவில்லை. என்னால்தான் சுண்டல் போச்சு என்று இறங்கும்போதே ஒருத்தி முணுமுணுத்தாள்.

ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. லாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து என் கையில் வைத்தார்.

"வருசா வருசம் கலெக்டரு நம்மள ஒரு கேள்வி கேக்குறாரு. நாமளும் வருசா வருசம் பொய் சொல்லிக்கினு வந்துர்றோம்," என்றார். "இந்த வருசம் நெசத்தச் சொல்லிட்டாப் போச்சு."

எதையும் கேட்க வேண்டாம், கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லுவோம் என்பது லாத்தாவின் யோசனை. வியாபாரம் பண்ணுகிற வீட்டில் பிறந்தவர் இல்லையா, சட்டத்தை மீறாமல் சந்தில் நுழையத் தெரிகிறது. வேலூர் அக்காவிடம் சொன்னோம். அக்காவுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. பெல்லாரி அம்மா முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவர் காது கேட்க எப்படிச் சொல்வது என்றார். நான் வரிசையில் கடைசியில் உட்காருகிறேன், நான் மட்டும் சொல்கிறேன், பழி என்னோடு போகட்டும் என்றேன். சங்கத்தை விட்டு நீக்கினால் நீக்கட்டும். தஞ்சாவூர் ஜெயிலை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது.

சுதந்திர தினத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் வெள்ளைப் புடவை, ஆரஞ்சுக் கரை. நெஞ்சில் கொடி குத்தியிருந்தோம். பெல்லாரி அம்மா என்னிடம் பேசவில்லை. முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. சாரணர் பிள்ளைகள் மோர் கொண்டுவந்தபோது கையாலேயே வேண்டாம் என்றார். என் மேல் இருக்கிற கோபத்தை மோரிடம் காட்டுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடி ஏறியது. பூ கொட்டியது. அணிவகுப்பு முடிந்து, புறா விட்டு, பலூன் விட்டு, கலெக்டர் எங்கள் வரிசைக்கு வந்தார். சின்ன வயசு. எங்கள் வேலூர் அக்காவின் மகனைவிட இளையவராக இருப்பார். பெல்லாரி அம்மாவின் தோளில் பொன்னாடையைப் போட்டுக் குனிந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"நல்லா இல்ல தம்பி," என்றார் பெல்லாரி அம்மா.

கடைசி நாற்காலியிலிருந்த எனக்கே கேட்டது. அவர் குரல் அப்படி, மைக் வேண்டாம். கலெக்டரின் கை பொன்னாடையிலேயே நின்றுவிட்டது.

"நேத்து மத்தியானத்துலருந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல. கும்மிடிப்பூண்டி ரோட்டுல, பொண்ணுங்க வேலை முடிஞ்சி பஸ்ஸுக்கு நிக்கற எடத்துல நேத்து நானும் போயி நின்னேன். அங்க ஒரு பொண்ணும் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா ஒதுங்கறதுக்கு எடம் இல்ல. அவங்க குடிக்காதப்போ நான் எப்படிக் குடிக்கறது, சொல்லுங்க."

கலெக்டர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். யாரோ பாட்டிலோடு ஓடிவந்தார்கள். அம்மா அதை ஒதுக்கிவிட்டார்.

"நான் எதையும் கேக்கல தம்பி. நல்லா இருக்கீங்களான்னு நீங்க கேட்டீங்க. அதுக்குப் பதில் சொன்னேன்."

லாத்தாவைப் பார்த்தேன். லாத்தா தலையை ஆட்டினார். அம்மாவிடம் தான் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். பிறகுதான் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. பேசாமல் உள்ளே போன அந்த அம்மா, முந்தின நாள் திருநின்றவூரிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய், அங்கே வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, கூட்டு ரோட்டில் போய் நின்றிருக்கிறார். நான் விழா ஏற்பாட்டுக்காக அன்றைக்கு லீவு. ஷிப்ட் விட்டு வந்த பெண்களோடு பெண்ணாக நின்று, அவர்கள் பஸ் ஏறுகிறவரை இருந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பெல்லாரியில் உண்ணாவிரதம் இருந்த மனுஷரின் மகள், வேறு எப்படிப் பார்ப்பார்? என் வாயை அடக்கத் தெரியாமல் நான் கத்திவிட்டு வந்தேன். அவர் போய் நின்று பார்த்தார்.

கலெக்டர் அடுத்த நாற்காலிக்கு வந்தார். வேலூர் அக்கா. பாவம், மைக்கைப் பார்த்தாலே வியர்க்கிற ஆள். பொன்னாடை விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கேள்வி வருவதற்கு முன்பே, நானும் நல்லா இல்ல சார் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்கு அடுத்தவர், எனக்கும் அதேதான் சார் என்றார். அவரிடம் நாங்கள் எதுவுமே சொல்லி வைக்கவில்லை. அப்புறம் வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. கடலூர், வேலூர், மறுபடியும் வேலூர், ஒருத்தரும் நல்லா இல்லை. லாத்தா மட்டும் கொஞ்சம் மாற்றி, அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கேன், ஆனா அந்தப் பொண்ணுங்க நல்லா இல்ல சார் என்றார். போட்டோ எடுக்கிறவர் காமிராவை இறக்கிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பாண்டு வாத்தியக்காரர்கள் எதுவும் புரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

என்னிடம் வரும்போது கலெக்டர் சிரித்துவிட்டார். "நீங்களும் நல்லா இல்லதானே?" என்று கேட்டார்.

ஆமாம் சார் என்றேன். எந்த இடம் என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கூட்டு ரோடு, வேன் நிற்கிற இடம், புதர் இருந்த இடம், எனக்கு டீ கொடுத்த ஆபீசர் வரைக்கும் கொட்டிவிட்டேன். மேடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவதற்கு வேஷம் போட்டுக்கொண்டு நின்றது எனக்குத் தெரியவே இல்லை. லாத்தா புடவையைப் பிடித்து இழுத்தார், போதும்டி என்று. கலெக்டர் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் ஏதோ சொன்னார். பிறகு முதல் நாற்காலிக்கே திரும்பி நடந்து போய், அந்த இடத்தை நானே வந்து பார்க்கிறேன், நீங்கள் தண்ணீர் குடியுங்கள் என்று பெல்லாரி அம்மாவிடம் சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் குடிக்கிறேன் என்றார் அம்மா. சர்க்கரை வியாதி உள்ள மனுஷி. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மைதானத்துக்கு வெளியே வந்ததும் லாத்தா நேராகப் பழக்கடைக்குப் போய் எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கி வந்தார். உண்ணாவிரதம் என்றால் ஆரம்பிக்க மட்டும் தெரிந்தால் போதாது, முடிக்கவும் தெரிய வேண்டும், கலெக்டர் வாக்கு கொடுத்தாயிற்று என்று சொல்லி டம்ளரை அவர் வாயிலேயே வைத்தார். பெல்லாரி அம்மாவை அதட்டக்கூடியவர் பூமியில் லாத்தா ஒருவர்தான். அம்மா குடித்தார். குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சட்டி வெச்சிருந்தாங்க," என்றார். "எங்க அப்பா சொல்லியிருக்காரு. நீ அத நெனப்பூட்டிட்ட."

நான் காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பழக்கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கலெக்டர் வந்து பார்த்தார். அதற்காக மறுநாளே கட்டடம் எழும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அளந்தார்கள், கல் நட்டார்கள். நட்ட கல்லை ஒரு டீக்கடைக்காரர் பிடுங்கிப் போட்டார். தன் கடைக்குப் பக்கத்தில் கக்கூஸ் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் பேஜார். பெல்லாரி அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் அந்தக் கல் இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் முறை போட்டுக்கொண்டு கூட உட்கார்ந்தோம். வெள்ளைப் புடவை கட்டின பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று விசாரித்தது. விசாரித்தவர்கள் டீ குடித்தார்கள். வியாபாரம் படுக்கவில்லை, எகிறியது. டீக்கடைக்காரரே கல்லை எடுத்துவந்து நட்டுவிட்டு, எப்பம்மா கட்டுவாங்க என்று எங்களைக் கேட்க ஆரம்பித்தார்.

தீபாவளி கழிந்து சுவர் ஆள் உயரம் வந்திருந்தபோது, அந்த ஹெல்ப்பர் பெண் வேலைக்கு வருவது நின்றது. மறுபடியும் ஜுரம். என் மேஜைக்கு எதிரே அவள் நிற்கிற இடம் காலியாகவே இருந்தது. மிஷினை வேறு ஒருவரிடம் கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டது. இன்னும் கொஞ்சம் பொறுக்கும்படி நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். கேட்கக் கூடாது என்கிற சட்டத்தை நான் எப்போதோ காற்றில் விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெல்லாரி அம்மா என்னோடு அவள் ஊருக்குக் கிளம்பினார்.

அவளுடைய அப்பா நல்லவர்தான். நாலு ஏக்கர் நெல், இரண்டு மாடு, ஒரே பெண். பெண் படுத்திருந்தாள், முகம் இவ்வளவாகச் சுருங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பைவிட வேலை பெரிசா என்று அவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, நீங்களே சொன்னபடி தை வரைக்கும் பொறுங்கள் என்று அம்மா சொன்னார்.

"நீங்க எங்கேருந்தோ வந்துகிறீங்க. எங்க பொண்ணுக்கு நீங்க இன்னா ஒறவும்மா?" என்று அவர் கேட்டார்.

எங்கள் சங்கத்தில் யாருடைய வம்சம் என்று எல்லோரையும் கேட்கிறவர் பெல்லாரி அம்மா. அவரையே ஒருத்தர் கேட்டுவிட்டார்.

"அவ நிக்கற எடத்துல நானும் போயி நின்னிருக்கேன்," என்றார். "அந்த ஒறவுதான்."

அந்த அப்பா உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தை வரைக்கும் என்று மறுபடி ஒருமுறை சொன்னார், இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. பெண் அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிட்டாள். மிஷின் அதுவரை யாருக்கும் போகவில்லை.

கட்டடம் முடிகிற நேரத்தில் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பணம் ஒதுக்கவே இல்லை. இது எங்கள் பக்கத்து வேலை, கொடுக்கிறவர்கள் நாங்கள்தானே. தொட்டி சங்கத்தின் செலவு. தினமும் யாராவது ஒருவர் போய்ச் சுத்தமாக இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பதற்கும் முறை போட்டோம். திங்கள் பெல்லாரி, செவ்வாய் வேலூர், புதன் திருச்சி. ஜெயில்களையெல்லாம் கக்கூசுக்குக் காவல் போட்டாச்சு என்று லாத்தா சொல்லிச் சிரித்தார். பெல்லாரி அம்மாவும் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

பொங்கலுக்கு முன்னால் திறப்பு விழா வைத்தார்கள். ஷாமியானா, வாழைமரம், ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். திறந்து வைக்க வேண்டியவர் வழியில் வந்துகொண்டே இருந்தார். ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. ஷிப்ட் விட்ட வேன்கள் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நின்றன. பெண்கள் இறங்கி, ரிப்பனுக்கு இந்தப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். கட்டடம் எதிரில், கதவு திறந்து, தொட்டி நிறையத் தண்ணீரோடு இருக்கிறது. உள்ளே யாரும் போக முடியாது. அந்தப் பெண்ணும் நின்றாள். காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். நான் விழா நடத்துகிறவரிடம் சண்டைக்குப் போகலாம் என்று முந்தானையைச் சொருகினேன்.

அதற்குள் பெல்லாரி அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். நேராக வந்தார். ரிப்பனை வெட்டவில்லை, கையால் தூக்கிப் பிடித்தார். "யாருக்குக் கட்டினது இது?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார். "போ."

அவள் தோள் பையைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அடுத்து இன்னொருத்தி குனிந்தாள். அப்புறம் கூட்டமே குனிந்தது. ஒலிபெருக்கிக்காரர் சொல்வதை நிறுத்திவிட்டார். லாத்தா கைதட்டினார், நாங்களும் தட்டினோம், டீக்கடையில் நின்றவர்கள்கூடத் தட்டினார்கள். கத்தரிக்கோல் வைத்திருந்த தட்டை ஏந்திக்கொண்டு நின்ற ஆள் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

அவள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவிடம் பையை வாங்கிக்கொண்டாள். அவள் ஊர் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. என்னிடம் வந்து, தண்ணீர் இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். என் பையில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து, அண்ணாந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் அத்தனை பேர் பார்க்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முழுசாகக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.